நாஞ்சில் நாட்டின் பாட்டுப் பெட்டிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இயந்திரத்தின் வழியே பாட்டுக் கேட்கும் பழக்கம் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோனில் தொடங்கியது. வால்வு ரேடியோ, மைக் செட், ரிக்கார்டு பிளேயர், வளைகுடாவிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர், உள்ளூர் மெக்கானிக் கட்டிக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர் என்று அது வளர்ந்தது. பாடுகிறவரின் தொண்டைக்கும் கேட்கிறவரின் காதுக்கும் நடுவே ஒலி பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு காலத்திலும் அந்தக் கைகளில் ஏதோ ஒன்று பாட்டில் ஒரு பங்கைத் தின்றுவந்திருக்கிறது. முதலில் தின்றது இசைத்தட்டு. பிறகு ரேடியோ அலை, ஒலிபெருக்கி, நாடா. கடைசியில் பாட்டுக் கேட்கும் அறை. தரமான ஒலிக்கருவியின் வரலாறு பெரும்பாலும் இந்த இழப்பு இடம் மாறிய வரலாறுதான். நாஞ்சில் நாட்டில், அதாவது இந்த மாவட்டத்தில், அது மாறிய விதம் சென்னையிலோ பம்பாயிலோ மாறியதைப் போன்றதல்ல.

ஒரு கருவி பாட்டை ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், நேரில் கேட்ட ஒலி காதில் இருக்க வேண்டும். பிரிட்டனில் வார்ஃபெடேல் ஒலிபெருக்கிகளைச் செய்த கில்பர்ட் பிரிக்ஸ், 1954ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இசைக்கலைஞர்களை மேடையில் வாசிக்க வைத்து, அதே இசையின் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, ஒப்பிட்டுக் கொள்ளுங்கள் என்று பார்வையாளர்களிடம் விட்டார். நாஞ்சில் நாட்டில் அப்படிப்பட்ட ஒப்பீட்டுக்கு மண்டபம் எதுவும் தேவைப்படவில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் நாகசுரமும் தவிலும், சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டும், தக்கலை பீர்முகமது அப்பா தர்காவில் இரவெல்லாம் ஓதப்படும் ஞானப்புகழ்ச்சியும், லண்டன் மிஷன் சபையார் வந்த 19ஆம் நூற்றாண்டிலிருந்து தேவாலயங்களில் நான்கு குரலாகப் பிரித்துப் பாடப்பட்ட ஞானப்பாடல்களும் ஒரே மாவட்டத்துக்குள் கேட்டன. கர்நாடக இசைக்கும் இங்கே வேர் உண்டு. கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் (1839–1900) நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்தவர். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருள்வதும், அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் கச்சேரி நடப்பதும் இன்றும் தொடரும் வழக்கம்.

இந்தக் காதுகளுக்கு முன்னால்தான் கிராமபோன் வந்து உட்கார்ந்தது. கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902ல் கல்கத்தாவுக்கு வந்து பதிவுசெய்த கௌஹர் ஜானின் குரல் இந்தியாவின் முதல் இசைத்தட்டுகளில் ஒன்றாகியது. 1908ல் கல்கத்தா சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலையும் எழுந்தது. தமிழ்த் தட்டுகள் பெருகியபோது மிகுதியாக விற்றவை நாடகப் பாடல்கள். அவற்றின் பெரிய நட்சத்திரம் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933). அவர் பிறந்த செங்கோட்டை அன்று நாகர்கோவிலைப் போலவே திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆகவே நாஞ்சில் நாட்டாருக்கு அவர் ஒரு வகையில் சொந்த ஊர்க்காரர். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்று விதைத்த மெட்டுகளைக் கிராமபோன் தட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த என். எஸ். கிருஷ்ணனும் அந்த நாடக உலகத்திலிருந்து எழுந்தவர்தான்.

அரக்கில் செய்த அந்தத் தட்டின் தொல்லைகள் பல. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே பாட முடியும். அரை மணி நேரம் விரியக்கூடிய ராகம் அந்த மூன்று நிமிடத்துக்குள் மடங்க வேண்டியிருந்தது. அரக்கோடு கல்மாவு கலந்திருப்பதால் தட்டு உப்புத்தாள் போல ஊசியை அரைத்தது. பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றச் சொன்னார்கள். சிக்கனக்காரர் ஒரே எஃகு ஊசியைப் பத்துப் பக்கம் ஓட்டுவார், அடுத்த மாதம் தட்டின் வரிகள் சாம்பல் பூத்திருக்கும். 1925ல் மின்பதிவு வருவதற்கு முன்பு பாடகர் ஒரு புனலுக்குள் கத்திப் பாட வேண்டும். அந்தப் பதிவில் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தம்புராவின் ஜீவனும் உடுக்கையின் அடியொலியும் தட்டில் ஏறவே இல்லை. குரல் மட்டும் ஏறியது; அதுவே போதும் என்று அந்தத் தலைமுறை கேட்டது.

1943 மார்ச் 12ல் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தில் தன் வானொலி நிலையத்தைத் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியின் கைக்குப் போனது. ரேடியோ வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டினார்கள். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் பெயர் பொறித்த வால்வு செட்டுகள் கூடத்தில் உயரமான பலகையில் இருக்கும். போட்டவுடன் பாடாது, வால்வு சூடாக அரை நிமிடம் பிடிக்கும். ஓட்டுக் கூரைக்கு அடியில் பட்டையாகப் பின்னிய செப்புக் கம்பி ஏரியல் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடும். பெரிய மரப் பெட்டியும் எட்டு அங்குல ஒலிபெருக்கியும் சேர்ந்து கொடுத்த கனிந்த குரலைப் பின்னால் வந்த பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர்கள் எட்டவே இல்லை. பழைய செட்டைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதில் ஏக்கம் பாதி இருக்கலாம், மீதிப் பாதி இயற்பியல்.

நாஞ்சில் நாட்டின் காது கடலைப் பார்த்துத் திரும்பியது 1950க்குப் பிறகு. அந்த ஆண்டில் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கியது. இந்தியாவில் 1952ல் தகவல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவை அடைத்தார். விவித் பாரதி வர 1957 அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் சினிமாப் பாட்டு வேண்டியவர்கள் கொழும்பைத்தான் திருப்பினார்கள். எஸ். பி. மயில்வாகனத்தின் குரலும், பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களும் இங்கே உள்ளூர்க் குரல்கள் போலவே பழகிப்போயின. கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் 280 கிலோமீட்டர் அளவுதான். சென்னை அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். தூரத்தைவிட முக்கியமானது நடுவில் கிடக்கும் உப்புநீர். மத்திய அலை தரையை ஒட்டிப் பரவும்போது காய்ந்த நிலமும் மலையும் அதை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கடல்நீரின் மேல் அது வெகுதூரம் வலுக் குறையாமல் வரும். கடற்கரை ஊர்களில் பட்டப்பகலிலும் கொழும்பு துல்லியமாகக் கேட்டதற்குக் காரணம் அது.

ஆனால் மத்திய அலைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளி சுமார் 10 கிலோஹெர்ட்ஸ்தான். அதற்குள் அடங்க வேண்டுமானால் பாட்டின் மேற்பகுதியை 5,000 ஹெர்ட்ஸுக்கு அருகில் வெட்ட வேண்டும். ஜால்ராவின் மினுக்கமும் வயலின் வில்லின் உரசலும் அங்கேயே நின்றுபோகும். இடி மின்னல் காலத்தில் கரகரப்பு வேறு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. ஆண்டில் பல மாதம் ரேடியோவோடு வானமும் சேர்ந்து பாடியது.

வீட்டுக்கு வெளியே ஆட்சி செய்தது மைக் செட். சிக்காகோ ரேடியோ என்ற பெயரில் மோட்வானே நிறுவனம் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது 1930களில். டெல்லியின் அகுஜா நிறுவனம் 1940ல் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் சவுண்ட் சர்வீஸ் கடை இல்லாத சந்தை ஊர் அரிதானது. கல்யாணம், சடங்கு, கொடை, தேவாலயப் பெருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி ஏறியது. எம். எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963ல் வெளிவந்த பிறகு கோயில் விடியற்காலையின் ஓசையே மாறிப்போனது.

குழாய் ஒலிபெருக்கியின் பலம் அதன் சிக்கனம். சாதாரணக் கோன் ஒலிபெருக்கி 100 வாட் வாங்கிக்கொண்டு எழுப்பும் ஓசையை நல்ல குழாய் 1 வாட்டில் எழுப்பிவிடும். பாட்டரியில் ஓடிய ஆம்ப்ளிஃபயர் காலத்தில் இது பெரிய வரம். அதற்கு விலையாகக் குழாய் கேட்டது அடியொலியை. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குக் குரலே எழும்பாது. வில்லுப்பாட்டு மேடையில் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் குடத்தின் வாயை மட்டையால் அறையும் 'தும்' நெஞ்சில் வந்து விழும். உடுக்கையின் இழைப்பு அதன் மேல் ஏறும். வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் சிணுங்குவது எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். அதே பாட்டை அரை மைல் தள்ளிக் குழாய் வழியாகக் கேட்டால் குடம் காணாமல் போயிருக்கும், மணியும் ஜால்ராவும் காதைக் குத்தும், புலவரின் குரல் மூக்கால் பாடுவது போல ஒலிக்கும். நாகசுரம் தப்பித்தது. அதன் உயிர் இருப்பது குழாய் நன்றாகப் பேசும் நடு ஒலிகளில். தவிலின் அடியொலிப் பக்கமான தொப்பி மட்டும் செத்துப்போகும். ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்ததால் இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடை நடக்கிறது என்று பத்து ஊருக்குத் தெரிந்தால் போதும்.

அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1948ல் கொண்டுவந்த நீண்டநேர இசைத்தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடியது. அரக்குக்குப் பதில் வினைல். எஃகு ஊசிக்குப் பதில் நீலக்கல்லோ வைரமோ. நூறு கிராமுக்கு மேல் அழுத்திய பழைய ஊசி முனைக்குப் பதில் சில கிராம் மட்டும் அழுத்தும் இலேசான கை. பதிவில் 15,000 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. கடந்த 150 ஆண்டில் ஒலித்துறையில் நடந்த மிகப் பெரிய ஒற்றைத் தாவல் இதுதான் என்று சொல்லலாம். ஆனால் நாஞ்சில் நாட்டில் அது சில வீடுகளோடு நின்றுவிட்டது. எச்எம்வியின் ஃபியெஸ்டா, கலிப்ஸோ போன்ற பிளேயர்கள் வசதியுள்ள குடும்பங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் இருந்தன. ஒரு தட்டின் விலை, ஊசி மாற்ற வேண்டிய செலவு, இவற்றோடு ஈரக்காற்று வேறு. மழைக்காலத்தில் அட்டை உறைக்குள் பூஞ்சை படர்ந்து தட்டின் வரிகளில் இறங்கும். இரண்டு மழைக்காலம் தாண்டிய தட்டைச் சோப்புநீரில் கழுவி நிழலில் உலர்த்தத் தெரியாத வீட்டில் அது வெறும் கறுப்பு வட்டமாகிவிடும்.

தரமான கருவி சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது எண்ணெய்ப் பணத்தின் வழியே. 1973க்குப் பிறகு வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போனவர்களில் விளவங்கோடு, கல்குளம் வட்டத்தார் ஏராளம். திரும்பி வருகிறவரின் பெட்டியில் சோப்பும் சென்ட்டும் போர்வையும் இருந்தது போலவே ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் கட்டாயம் இருந்தது. நேஷனல் பானாசோனிக், சோனி, ஷார்ப், அகாய் என்ற ஜப்பானியப் பெயர்களை மார்த்தாண்டம், குளச்சல் பகுதிச் சிறுவர்கள் சினிமா நடிகர் பெயர் போல ஒப்பித்தார்கள். பெருநகரத்துச் சேகரிப்பாளர் பத்திரிகை படித்து, கடையில் கேட்டுப் பார்த்துக் கருவி வாங்கினார். இங்கே கருவி பயணப்பையோடு வந்தது, அதை வைத்துக்கொண்டு நல்ல ஒலி எது என்று வீடு கற்றுக்கொண்டது. இது தாழ்ந்த வழி அல்ல. வாங்கியவர் ஏமாந்தது குறைவு.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ல் வெளியிட்ட கேசட் முதலில் பேச்சைப் பதிவதற்காக உருவானது. 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டும் நகரும். ஸ்டுடியோ நாடா ஓடும் 38 சென்டிமீட்டரோடு பார்த்தால் அது எட்டில் ஒரு பங்கு வேகம். எனவே கேசட்டில் நல்ல ஒலி கிடைப்பது முழுக்க இயந்திர ஒழுங்கைப் பொறுத்தது. 1980களில் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் ரிக்கார்டிங் சென்டர்கள் பெருகின. காகிதத்தில் பாட்டுப் பட்டியல் எழுதி ஒரு டிடிகே அல்லது சோனி வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், கடைக்காரர் தன்னிடமுள்ள தட்டுகளிலிருந்து பதிந்து கொடுப்பார். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு அடங்கும். இளையராஜாவின் பாடல்கள் எக்கோ நிறுவனத்தின் தட்டுகளில் இரட்டை ஒலியாக (ஸ்டீரியோ) வந்துகொண்டிருந்த காலம் அது. பட்டியலில் முக்கால்வாசி அவருடையதாகவே இருந்தது. அவருடைய பாஸ் கிதார் தனியாக ஒரு மெட்டுப் பாடுகிறது என்பதைப் பலர் முதன்முதலாகக் கவனித்தது இந்தக் கேசட்டுகளில்தான்.

கேசட் கெட்டது பெரும்பாலும் நாடாவைப் படிக்கும் ஹெட்டில். நாடாவிலிருந்து உதிரும் காவித் தூள் ஹெட்டின் முகத்தில் படிந்தால் பாட்டு போர்வைக்கு அடியிலிருந்து வருவது போல மந்தமாகும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் சரியாகும். அதிலும் சரியாகாவிட்டால் மெக்கானிக் ஒரு சிறிய திருப்புளியை எடுப்பார். ஹெட்டின் பக்கத்தில் சிவப்பு மெழுகு வைத்து அடைத்த ஒரு குட்டி ஸ்குரூ உண்டு. பாட்டை ஓடவிட்டு, காதை ஸ்பீக்கரில் வைத்து, அந்த ஸ்குரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். பாடகியின் 'ச' ஒரு கணம் பளிச்சென்று தெறிக்கும், அங்கே நிறுத்திவிடுவார். ஹெட்டிலுள்ள கீறல் நாடாவுக்குச் செங்குத்தாக நின்றால்தான் மேல் ஒலிகள் வரும் என்பது பாடப்புத்தகச் செய்தி. மெக்கானிக்கிடம் அதற்குக் கருவி காதுதான்.

1984 அக்டோபர் 30ல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கியது. கோணத்தில் உள்ள இந்த நிலையம் பின்னாளில் குமரி பண்பலை என்ற பெயரில் 101 மெகாஹெர்ட்ஸில் வீட்டுக்கு வீடு பழகியது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1930களில் அமெரிக்காவில் உருவாக்கிய பண்பலை முறை 15,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும்; மின்னலின் கரகரப்பு அதைத் தொடாது. வளைகுடா செட்டுகளில் பண்பலைப் பட்டை இருந்தும் ஆண்டுக்கணக்காக அதில் வெறும் இரைச்சல்தான் கேட்டிருந்தது. அந்தப் பட்டையில் உள்ளூர்ப் பேச்சும் பாட்டும் கேட்டபோது, வீட்டிலிருந்த கருவியின் உண்மையான தரம் தெரியவந்தது. தட்டும் இல்லாமல் நாடாவும் இல்லாமல், செலவே இல்லாமல் கிடைத்த நல்ல ஒலி அது. ஹை-ஃபை பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பது குறைவு.

வளைகுடா செட் பழுதானபோது உதிரிப்பாகம் கிடைக்காது. அந்த வெற்றிடத்தில் வளர்ந்தது அசெம்பிள்டு செட். 2 என் 3055 டிரான்சிஸ்டர், பிறகு எல்ஏ 4440 ஐசி, வசதி இருந்தால் எஸ்டிகே. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகங்கள் வரும், சர்க்யூட்டை மெக்கானிக் பற்றவைப்பார், பெட்டியைத் தச்சர் செய்வார். ஒரு 4440 ஐசி இரண்டு பக்கமும் 6 வாட் வீதம் கொடுக்கும்; பெட்டிமேல் ஒட்டிய தாளில் 1000 வாட் பிஎம்பிஓ (கண நேர உச்சக் கணக்கு) என்று இருக்கும். இந்தப் பொய்யை உருவாக்கியவர் உள்ளூர் மெக்கானிக் அல்ல, அது உலக விற்பனை வழக்கம். செட் நன்றாகப் பாடுவதும் பாடாததும் ஐசியைவிட டிரான்ஸ்ஃபார்மரைப் பொறுத்தது. செம்பில் மிச்சம் பிடித்த டிரான்ஸ்ஃபார்மர், பாஸ் அடிக்கும்போது தவித்து இரைச்சல் போடும். பெட்டியிலும் அப்படித்தான். கெட்டி மரம் கேட்கச் சிறப்பு என்று பலாவிலும் அயனியிலும் செய்தவை பருவம் மாறும்போது விரிந்து சுருங்கி மூட்டு விட்டன. நல்ல ஒட்டுப்பலகையில் உள்ளே சட்டம் கொடுத்துக் கட்டியவை முப்பது ஆண்டு நின்றன. மரத்தூள் பலகைப் பெட்டி குமரி மழையில் ஓரம் ஊதிவிடும். ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கண்டன்சரைக்கூட வைக்காமல் இணைத்துக் கொடுத்தவர்களும் உண்டு; தாழ்ந்த ஒலி உள்ளே போய் அது முதல் கல்யாணத்திலேயே எரிந்துவிடும்.

கருவியைக் கொண்டுவந்த அதே பணம் வீட்டையும் மாற்றியது. ஓட்டு வீட்டில் மரக் கழுக்கோலும் ஓட்டின் வரிசையும் ஒலியைச் சிதறடிக்கும், இடுக்குகள் வழியே அடியொலி வெளியேறிவிடும். கான்கிரீட் வீட்டில் சிமெண்ட் சுவர், மொசைக் அல்லது பளிங்குத் தரை, தட்டைக் கூரை. எல்லாம் ஒலியைத் திருப்பி அடிப்பவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக அமைந்த அறையில் 57 ஹெர்ட்ஸுக்கு அருகிலுள்ள அடியொலி மூன்று திசையிலும் ஒரே நேரத்தில் தேங்கி நிற்கும். பாஸ் கிதாரின் ஒரு சுரம் மட்டும் அறையை நிறைத்து முழங்கும், அடுத்த சுரம் கேட்காது. இதற்கு விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் மருந்தல்ல. பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைப்பதும், துணி அலமாரி, புத்தக அலமாரி, மெத்தை, திரைச்சீலை சேர்ப்பதும் அதிகம் உதவும். 1982ல் வந்த சிடியும் பிறகு கைபேசியில் வந்த பாட்டும் பதிவின் குறையை அநேகமாகத் துடைத்துவிட்டதால், இன்று ஒரு வீட்டில் ஒலி கெடுவதானால் பெரும்பாலும் ஸ்பீக்கரிலும் அறையிலும்தான் கெடுகிறது.

தெருவில் நிலைமை வேறு திசையில் போனது. குழாய்க்குப் பதில் பாக்ஸ் என்ற பெரிய பெட்டி ஒலிபெருக்கி வந்தது. இழந்த அடியொலி வட்டியோடு திரும்பியது. ஒலி மாசு விதிகள் 2000ல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2005ல் உறுதி செய்தது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்பது விதி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 92 டெசிபெல்லில் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான் மிஞ்சும். கொடையில் பாக்ஸுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் இருக்கும் மைக் செட் ஆளுக்கு அது முதல் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. வயதோடு 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பது எல்லோருக்கும் குறையும். இவர்களுக்கு அது 4,000 ஹெர்ட்ஸுக்கு அருகில், ஜால்ராவும் வில்லின் மணியும் ஒலிக்கும் இடத்தில், இளம் வயதிலேயே தொடங்குகிறது.